கதிர் குத்தாத கண்

உன் பெரியம்மாவின் வலது கண்ணில் ராட்டைக் கதிர் குத்தவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று தள்ளி வைத்தால் சொல்லாமலே கடிதத்தை மடித்து ஒட்டிவிடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது ராட்டையின் கதிர், அந்தக் கூரான இரும்புக் கம்பி, கழன்று தெறித்துக் கண்ணில் குத்திவிட்டது என்றுதான் நீ பேச்சு புரிந்த நாளிலிருந்து கேட்டு வந்திருக்கிறாய். ராட்டையைப் பரணில் ஏற்றிய பிறகும் அதைச் சொல்லியே உன்னைப் பரண் பக்கம் அண்டவிடாமல் மிரட்டினோம். சின்ன வயதில் ஒருநாள் பெரியம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு, அவளுடைய வெளிறிய கண்ணை அண்ணாந்து பார்த்து, "குத்தும்போது வலிச்சுதா பெரியம்மா" என்று கேட்டாய். "ரொம்ப வலிச்சுது மக்கா" என்றாள். அதில் வலி மட்டும்தான் நிஜம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வலது பக்கம் மட்டும் வலிக்கிறது, புருவத்துக்கு மேலே ஆணி இறக்குவது போல் இருக்கிறது, ஆபீஸில் விளக்கைப் பார்த்தால் கூசுகிறது, வாந்தி வேறு வருகிறது என்று நீயே சொன்னாய். கண் டாக்டரிடம் போ என்றேன். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை என்றாய். கடையில் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு என்று மறுபடியும் சொன்னதும் உனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இப்பம் போயி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு அலைஞ்சா அவங்க காதுக்குப் போகாதா? நிச்சயம் பண்ணப்போற பிள்ளைக்கு என்ன சீக்குன்னு கேக்க மாட்டாங்களா? கல்யாணம் முடியட்டும்மா. பொறவு பாத்துக்கிடலாம்." பக்கத்தில் நின்ற உன் அப்பாவும், "அவ சொல்லுததும் நியாயந்தான" என்றார். விளக்கைச் சுற்றி வளையம் மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று நான் கேட்டேன். என்ன வளையம் என்று சிரித்தாய். அறைத்தோழி வந்துவிட்டாள் என்று போனை வைத்துவிட்டாய். கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம் என்ற அதே வார்த்தைகளை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு நடு அறையில், ராட்டையைச் சுற்றிக்கொண்டே ஒருத்தி சொன்னாள். அதைத்தான் எழுதப்போகிறேன். போனில் எனக்கு இவ்வளவு வராது.

நான் நடை பழகும் முன்பே எங்கள் அம்மா போய்விட்டாள். அக்கா, உன் பெரியம்மா, மூத்தவள்; நான் கடைசி. நடுவில் பிறந்தவை எதுவும் தங்கவில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் அவள் புருஷன் காய்ச்சலில் இறந்துபோக, வெறும் கழுத்தோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு எனக்கு அவள்தான் எல்லாம். உன் தாத்தா தறிப்பட்டறையில் வேலை செய்தார். தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, வீட்டுக்குள்ளும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். அக்கா பட்டறைக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். முன்னறையில் காற்று அடித்தால் நூல் சிக்கும் என்று ஜன்னல் இல்லாத நடு அறையில் ராட்டையைப் போட்டிருந்தாள். காலையில் குனிந்தால் விளக்கு வைக்கும்வரை குனிந்தே இருப்பாள். அந்த உழைப்பில்தான் நான் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் படித்தேன். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். படித்தேனே தவிர வாய் திறக்கவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்வதற்கே வியர்த்துவிடும். பேசாதவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த வருஷம் அக்காவுக்கு அந்தத் தலைவலி தொடங்கியிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. அவளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். வலது நெற்றிப்பொட்டில் ஆரம்பித்து, புருவம், கண், பாதி மூக்குவரை பிடிக்கும். இடது பக்கம் ஒன்றும் இருக்காது. "கோடு போட்டுப் பிரிச்ச மாதிரி இருக்குட்டி. பாதி மண்டை எனக்கு, பாதி மண்டை பேய்க்கு" என்று சிரிப்பாள். காலையில் வராது. பொழுது சாய்ந்து வீட்டுக்குள் இருட்டத் தொடங்கும்போது வரும். படுத்துத் தூங்கி எழுந்தால் போய்விடும். இதை நான் கவனித்தேன். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஊரில் எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்திருந்தது. என் அப்பாவின் தங்கை, அடுத்த தெருவில் இருந்த அத்தை, பித்தம் என்றாள். இஞ்சிச்சாறு கொடுத்தாள். எதிர் வீட்டுக்காரி ஈரத்தலையை முடிந்துகொள்வதால் நீர் கோத்துக்கொண்டது என்று சொல்ல, சுக்கை அரைத்துப் பற்றுப் போட்டோம். ஒருத்தி கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். கடைத்தெருவில் ஊசி போடுகிற கம்பவுண்டர், "இது ஒத்தைத் தலைவலி. பொம்பளையளுக்கு வரத்தான் செய்யும். சாகவா போறீய?" என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டுப் படுத்தால் காலையில் வலி இல்லை. தூங்கியதால் போனதா, மாத்திரையால் போனதா என்று யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அப்படி ஒரு தலைவலி இருக்கிறது, பெண்களுக்குத்தான் அதிகம். அதனால்தான் அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

பிறகு அந்த வளையம் வந்தது. சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்த அக்கா, முகமெல்லாம் வேறு மாதிரியாக, சமையற்கட்டில் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். "தீபாராதனை காட்டும்போது அம்மன் முன்னால சுடரைச் சுத்தி ஒரு வளையம் பாத்தேன்ட்டி. உள்ளுக்குள்ள ஊதா, வெளிய செவப்பு, நடுவுல மஞ்சளும் பச்சையும். மானத்துல வில்லு போட்ட மாதிரி. எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா." எனக்குத் தெரியவில்லையே என்றேன். "எல்லாருக்குமா தெரியும்" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அம்மன் சன்னதிக்கு வெளியே பூ விற்கிறவளிடமும் அதைச் சொல்லியிருக்கிறாள். பூக்காரி அதைச் சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லிவிட்டாள். "அம்மா ஒனக்குக் கண்ணத் தொறந்து காட்டுதா. நாங்களும் வருஷக்கணக்கா வாசல்லயே கெடக்கோம், எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியலயே." நீ இப்போது இதைக் கேட்டுச் சிரிக்கலாம். புருஷன் செத்த நாளிலிருந்து அக்கா எதிரே வந்தால் நின்று, அவள் கடந்துபோன பிறகு புறப்படுகிற தெரு அது. அந்தத் தெருப் பெண்கள் கோயில் வரிசையில் அவளுக்கு வழி விட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கொண்டுவந்து, "கொஞ்சம் புத்துமண் பூசி விடுக்கா" என்று அவள் கையால் பூசச் சொன்னார்கள். வளையம் தெரிந்த அன்றெல்லாம் தலைவலியும் வந்தது. அம்மன் காட்சி கொடுத்தால் உடம்பு தாங்காது, அதனால்தான் வலிக்கிறது என்றார்கள். நோய்க்கு இவ்வளவு மரியாதை கொடுத்தால் யார் மருந்து தேடுவார்கள்?

அந்தச் சமயத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்த பெண் என்றே இரண்டொரு இடம் தட்டிப்போயிருந்தது. பெண் வாயே திறக்கவில்லை, ஊமையோ என்று ஓர் இடத்தில் கேட்டார்கள். பிறகு வாசுதேவநல்லூரிலிருந்து உன் அப்பா வீட்டுச் சம்பந்தம் வந்தது. வயல் உள்ள குடும்பம், மாப்பிள்ளைக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் சாயங்காலம் அக்கா ராட்டையை நிறுத்திவிட்டு வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டைக்குப் போய்க் காட்டுவோம் அக்கா என்றேன். முடியாது என்றாள்.

"இது வெறும் வலி இல்லட்டி. நான் கேட்டு வாங்குன வலி. இவளுக்கு நல்லபடியா முடிச்சுக் குடு தாயே, வலிய எங்கிட்டக் குடுத்துருன்னு வேண்டிக்கிட்டேன். இப்பம் மருந்து தின்னு அத வெரட்டுனா, அவா அந்தச் சம்பந்தத்த வெரட்டிருவா."

கல்லூரியில் ஆட்டுக் கண்ணை அறுத்துப் பார்த்தவள் நான். கண்ணின் முன் அறையில் நீர் சுரந்து ஓரமாக வடிகிற வழியைக் கலர் பென்சிலால் வரைந்து மார்க் வாங்கியவள். அந்தப் படத்துக்கும் ராட்டை முன்னால் கண்ணைப் பொத்திக்கொண்டு இருந்தவளுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என் சுபாவத்துக்கு அது பெரிய காரியம், அத்தையும் அப்பாவும் இருக்கும்போது சொன்னேன். அக்காவுக்கு வலி வரும்போது கண்ணும் சிவக்கிறது, கண்ணில்தான் ஏதோ கோளாறு, பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். அப்பாவுக்குக் காதில் விழவில்லை. அத்தைக்கு விழுந்தது.

"பி.எஸ்ஸி. படிச்சா எல்லாச் சீக்கும் தெரியுமாக்கும்? கண்ணு நோவுன்னு வெளிய சொல்லிப் பாரு. அக்காளுக்குக் கண்ணு அவிஞ்சா தங்கச்சிக்கும் அவியும்னு வாசுதேவநல்லூருக்காரன் அப்படியே திரும்பிப் போயிருவான். ஒன்னய ஷோகேஸ்ல வச்சு அழகு பாக்கவா படிக்க வச்சோம்? போட்டி, போயி வேலையப் பாரு."

நான் போய் வேலையைப் பார்த்தேன்.

நிச்சயதாம்பூலத்தன்று மதியத்துக்கு மேல் மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நல்ல காரியத்தில் அக்கா முன்னால் வர மாட்டாள். வரவும் விட மாட்டார்கள். பின்கட்டில் புகைகிற அடுப்பு முன்னால், குனிந்தபடி, பொழுதெல்லாம் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். முன்னறையில் தட்டு மாற்றுகிற நேரத்தில் கொல்லையில் யாரோ ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அது யார் என்று தெரிந்தது. தலை குனிந்து பாயில் உட்கார்ந்திருந்த நான், தண்ணீர் குடிக்கப் போவது போல் எழுந்து பின்னால் போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் அடங்காத்தனம் அதுதான்.

சுவரில் தலையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். புடவை முன்னாலெல்லாம் வாந்தி. மாடத்தில் இருந்த விளக்கை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். வலது கண் ரத்தமாகச் சிவந்து, நடுவில் கருமணி புகை படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. அதன் நடுவில் கண்பாவை பெரிதாக விரிந்து கிடந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். இடது கண்ணின் பாவை சுருங்கியது. வலதுகண் பாவை அப்படியே நின்றது. அதைப் பார்த்ததும் விளக்கைச் சாய்த்து எண்ணெயைச் சிந்திவிட்டேன். "அக்கா, இந்தக் கண்ணு வெளிச்சத்துக்குச் சுருங்கவே இல்லக்கா" என்றேன்.

"வெளிச்சமா, எங்க?" என்றாள். பிறகு உடனே, "நீ அங்கன போட்டி. தேடுவாவ. பட்டுல எண்ணெய் படப்போவுது" என்றாள்.

அதற்குள் அத்தை வந்துவிட்டாள். ஒரே பார்வையில் முடிவு செய்துவிட்டாள். "மெட்ராஸ் ஐ. யாரும் கிட்டப் போகாதீய, ஒட்டிக்கிடும்" என்று பின்கட்டுக் கதவைச் சாத்தினாள். எனக்கு அழுகை வந்தது. என்னை முன்னறைக்குக் கூட்டிப்போகும் வழியில் என் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்து, "அழுதா பொண்ணுக்குப் பிரியமில்லன்னு நெனைப்பாவ" என்றாள். போய் உட்கார்ந்தேன். உன் அப்பாவின் அம்மா என் தலையில் பூ வைத்தார்கள். பின்கட்டிலிருந்து சத்தமே வரவில்லை. அவள் வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள் என்பது எல்லோரும் போன பிறகு தெரிந்தது.

வலி அடங்கச் சில நாள் ஆயிற்று. நெற்றியில் புற்றுமண் காயக் காயப் புதிதாகப் பூசிக்கொண்டு கிடந்தாள். அந்த மண் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதற்கு இல்லாத வேலையை நாங்கள் அதற்குக் கொடுத்தோம், அவ்வளவுதான். பிறகு வலி விட்டதும் வீடே பெருமூச்சு விட்டது. கண் செத்ததால் வலி விட்டது என்று யாருக்குத் தெரியும்? நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட இரண்டு மூன்று தடவை துழாவினாள். வலது பக்கமாகப் போய் நின்றேன். திரும்பவில்லை.

"ஒரு பக்கம் தெரியல, இல்லையா அக்கா?"

ராட்டையைச் சுற்றிக்கொண்டேதான் பதில் சொன்னாள். "வளையமும் தெரியல. அதுதான் வருத்தமா இருக்கு." அறுந்த நூலைத் துழாவிக்கொண்டே, "யார்ட்டயும் சொல்லாத. கல்யாணம் முடியட்டும். பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள்.

கல்யாணம் முடிந்தது. அம்மன் தன் பேச்சைக் காப்பாற்றிவிட்டாள் என்று அக்கா கோயிலுக்குப் போய் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினாள். மறுவீட்டுக்கு வந்திருந்த நான், பொறவு வந்துவிட்டது அக்கா என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். உன் அப்பாவிடம், அக்காவுக்குக் கண்ணாடி வாங்க வேண்டும் என்றேன். அவர் மீது நம்பிக்கை இல்லாமல் அல்ல. அந்த வீட்டில் யாரிடம் எதைச் சொல்லலாம் என்று எனக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.

டாக்டர் ஒரு பெண்மணி. அக்காவின் கண்ணை நெடுநேரம் பார்த்தார். விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்ததா என்று அவராகவே கேட்டார். அக்கா திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். அம்மன் தனக்கு மட்டும் காட்டியதாக அவள் நினைத்திருந்ததை ஒரு டாக்டர் பார்க்காமலே சொன்னார். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிகிற வழி சில குடும்பங்களில் பிறவியிலேயே குறுகலாக இருக்கும் என்றார். மங்கிய வெளிச்சத்தில் பாவை விரியும்போது அந்த வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறிக் கண் கல் மாதிரி இறுகிவிடும். குனிந்தே வேலை செய்கிறவர்களுக்கு அது இன்னும் சுலபமாக அடைபடலாம். கண்ணின் முன்னால் கண்ணாடி போல் இருக்கிற படலம் நீர் கோத்து வீங்கிவிடும், அதன் வழியாகப் பார்ப்பதால்தான் வளையம் தெரியும். வலி தலையில் தெரிவதால் எல்லோரும் தலைக்கு மருந்து தேடுவார்கள். "வாந்தி எடுத்தீங்களே, அன்னைக்கே வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாமேம்மா" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடது கண்ணும் அதே வழியில்தான் போகும், உடனே சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். செய்தார்கள். இன்றைக்கு உன் பெரியம்மா உன்னை அடையாளம் காண்கிற கண் அதுதான். கடைசியாக என்னைப் பார்த்து, கூடப் பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இது வரலாம், எல்லோரும் காட்டிக்கொள்ள வேண்டும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில், கட்டுப் போட்ட கண்ணோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காதான் அந்தப் பொய்யைக் கட்டினாள். அத்தை இல்லை, அப்பா இல்லை, அவள்தான். "கதிரு குத்திட்டுன்னு சொல்லிருவோம்" என்றாள். ஏன் என்றேன். "குத்துனதுன்னா வெளிய இருந்து வந்தது. வம்சத்துல இருக்குன்னா ஒனக்குப் பொறக்கப்போற பிள்ளைய நாளைக்கு எவன் கேட்டு வருவான்?" நீ அப்போது என் வயிற்றில்கூட இல்லை. உனக்காகச் சொன்ன பொய் அது. அதனால்தான் அதை உடைக்க எனக்கு இத்தனை வருஷமாகக் கை வரவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, படிக்கிற கண்ணாடி வாங்கப் போகிறேன் என்று ஒருநாள் நான் தனியாக மதுரைக்குப் போய் வந்தது உனக்கு நினைவிருக்கலாம். எனக்கும் அதே குறுகல் இருந்தது. வலியோ வளையமோ எதுவும் வருவதற்குள், லேசர் ஒளியை வைத்தே இரண்டு கண்ணிலும் நீர் வடிய ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போட்டு அனுப்பிவிட்டார்கள். பலகாரப் பொட்டலத்தோடு அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்காவுக்கு ஒரு கண்ணை வாங்கிய நோய் எனக்கு ஒரு பகல் வேலையாக முடிந்தது. நேற்றுவரை உன் அப்பாவுக்குத் தெரியாது. உன்னையும் அப்போதே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைதானே, நாளாகட்டும் என்று விட்டுவிட்டேன். நாளாகட்டும் என்பதும் பொறவு என்பதும் ஒன்றுதான்.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஒரு பக்கம் தலை வலித்தால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உன் வயதுக்கு, உன் வேலைக்கு, அந்தக் கம்பவுண்டர் சொன்ன சாதாரண ஒற்றைத் தலைவலியாக இருக்கவே அதிக வாய்ப்பு. நீ தூக்கம் கெடுகிறாய், சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாய், மாத விலக்கை ஒட்டியும் அது வரும். அதற்கும் வாந்தி உண்டு, வெளிச்சம் கூசும். சளி அடைத்து ஒரு கன்னத்துக்கு மேலே வலிக்கலாம். கடைவாய்ப் பல் சொத்தை காதுவரை இழுக்கலாம். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து வேலை செய்தால் பிடரியிலிருந்து ஒரு பக்கமாக ஏறலாம். வயதானவர்களுக்குப் பொட்டில் ஓடுகிற ரத்தக்குழாயே வீங்கி வலிக்கும், அதை விட்டாலும் கண் போய்விடும் என்கிறார்கள். அரிதாக, மூளைக்குள் இருக்கிற கோளாறாகவும் இருக்கலாம். இதில் எது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கண்ணாடிக் கடைக்காரர் எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்திருப்பார். கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு, அந்த வடிகால் திறந்திருக்கிறதா என்று அவர் பார்த்திருக்க மாட்டார். பவர் பார்த்தாச்சு என்று இனி என்னிடம் சொல்லாதே. டாக்டர் கண்ணைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால், நான் கோயிலில் ஒரு விளக்குப் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குவேன். வெறும் தலைவலி என்று முதலில் சொல்லிக்கொண்டு கண்ணை அப்புறம் பார்ப்பது எங்கள் வீட்டில் ஒருமுறை நடந்துவிட்டது.

நேற்று உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதிர், மதுரை, எல்லாம். அவர் கத்தவில்லை. "இத்தன வருசம் எங்கூடத்தான இருந்த" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று காலை தனியாக ரயிலேறித் தென்காசிக்குப் போனேன். உன் வருங்கால மாமியாரிடம் சொன்னேன். வாசலிலேயே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் சொல்லிவிட்டேன். எங்கள் வம்சத்தில் இப்படி ஒரு கண் நோய் உண்டு, என் அக்காவுக்கு ஒரு கண் அதில்தான் போயிற்று, எனக்கும் இருந்து சரிசெய்துகொண்டேன், பிள்ளைக்கு இப்போது தலைவலி வருகிறது, கூட்டிக்கொண்டு போய்க் காட்டப்போகிறேன் என்றேன். அந்த அம்மா காப்பி கொடுத்தார்கள். "இதயெல்லாம் யாரு வந்து சொல்லுவா. நீங்க சொல்லுதிய" என்றார்கள். அது மெச்சியதா என்று எனக்கு விளங்கவில்லை. "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். நம் பக்கத்தில் கலந்துக்கிட்டுச் சொல்லுதோம் என்றால் என்ன என்று உனக்கே தெரியும். சொல்லி அனுப்பாமலே போகலாம். நீ என்மேல் கோபப்படுவாய். அந்தப் பையனை உனக்குப் பிடித்திருக்கிறது என்பது நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். கோபம் தீரும்வரை திட்டு. ஆனால் என் கல்யாணம் நடப்பதற்காக ஒருத்தி கண்ணைக் கொடுத்தாள். உன் கல்யாணத்துக்கு யாரும் எதையும் கொடுக்கக் கூடாது, நீ உள்பட.

ஸ்டேஷனிலிருந்து நேரே பெரியம்மாவிடம் போனேன். நீ சொன்ன பொய்யை உடைத்துவிட்டேன் அக்கா என்றேன். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பிறகு, "அந்த வளையத்த அவகிட்டச் சொன்னியா?" என்று கேட்டாள். சொன்னேன், சிரிக்கிறாள் என்றேன். "சிரிக்க விடாத. அது பயமா இருக்காது, அழகா இருக்கும். அதுல மயங்கிருவா. அத மட்டும் எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். இதைக் கூரியரில் போடுகிறேன், நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், சனிக்கிழமை நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இதைப் படித்து முடித்த சாயங்காலம் தெருவிளக்கு எரிந்ததும் வெளியே போய் நில். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒருமுறை, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒருமுறை, விளக்கைப் பார். விளக்கு வெறும் விளக்காகத் தெரிந்தால் சனிக்கிழமைவரை எனக்காகக் காத்திரு. அழகாகத் தெரிந்தால் காத்திருக்காதே. ஓர் ஆட்டோவைப் பிடித்து அப்போதே கிளம்பு.